நழுவும் அளவுகோல்

ஒட்டுத்துணிப் போர்வை தைப்பது அமெரிக்கப் பெண்களின் பழங்கலை. 1979-இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் உருளும் வட்டக் கத்தியை அறிமுகப்படுத்திய பின், அவர்களுள் பலர் கத்தரிக்கோலை விடுத்து, அக்ரிலிக் அளவுகோலைத் துணிமேல் ஒரு கையால் அழுத்தி, அதன் ஓரமாகக் கத்தியை உருட்டி வெட்டலாயினர்.

வெட்டு கோணலானால் கத்தியையே குறை சொல்வோம். குற்றம் பெரும்பாலும் கோலைப் பிடித்த கையில். அது ஓரிடத்திலேயே ஊன்றியிருந்தால், எவ்வளவு அழுத்தினாலும் கோலின் மறுமுனை விலகிவிடும். தேர்ந்தவர்கள் விரல்களை விரித்து நுனிகளால் அழுத்துகிறார்கள். சுண்டுவிரலைக் கோலுக்கு வெளியே ஊன்றுகிறார்கள். கத்தி கைக்கு நேராக வந்ததும் அதை அங்கேயே நிறுத்தி, கையை முன்னே நகர்த்திய பிறகே மேலும் வெட்டுகிறார்கள். (இந்த நிறுத்தத்துக்குத்தான் நமக்குப் பொறுமை இருப்பதில்லை.)

பிறரை நெறிப்படுத்தும் பொறுப்பிலும் இதுவே நேர்கிறது. பிடி தளர்கிறதென்று அஞ்சும் பெற்றோரும் ஆசிரியரும் குருக்களும் அழுத்தத்தைக் கூட்டுவதுண்டு. கை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அப்படியானால் கோலே வளையட்டும் என்பாருண்டு. அரிஸ்டாட்டில் தம் அறநூலில் லெஸ்போஸ் தீவின் கட்டடக்காரர்களது ஈயக் கோலை எடுத்துக்காட்டுகிறார். அது கல்லின் வடிவுக்கேற்ப வளையும். பொதுச் சட்டம் பொருந்தாத இடத்தில் தீர்ப்பும் அவ்வாறே வளைய வேண்டும் என்பது அவர் கருத்து. உண்மைதான். ஆனால் கல் வளையாது. ஆகவே கோல் வளைந்தது. துணியோ தொட்ட பக்கமெல்லாம் இழுபடும். அதன்மேல் ஈயக் கோலை வைத்தால் இரண்டும் சேர்ந்தே கோணும். துயரால் கல்லாய் இறுகியவரிடம் அசையாத கோலையும், எப்பக்கமும் இழுபடும் இளையோரிடம் ஈயக் கோலையும் நீட்டுவதே நம்மிடையே வழக்கமாயிருக்கிறது.