அடுப்படியில் மட்டும் ஏன் இந்தப் பயம்?

பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவள் நீ! காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் இரவு எட்டரைக்குத்தான் எழுகிறாய்.

ஓவர்லாக் மிஷினில் முதல் நாள் நூல் அறுந்தது. ஊசி உடைந்தது. சூப்பர்வைசர் கத்தினார். விட்டுவிட்டு ஓடினாயா? இல்லையே!

அப்புறம் அடுப்படியில் மட்டும் எதற்கு இந்த நடுக்கம்?

"பாலும் பனீரும் நிறைய வாங்க முடியவில்லையே, பிள்ளைக்குச் சத்து எங்கிருந்து வரும்?" இதுதானே உன் புலம்பல்? சத்து பாக்கெட்டில்தான் வரும் என்று உனக்கு யார் சொன்னது?

டீ குடித்த கொஞ்ச நேரத்தில் வயிறு உப்புகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு பீஸ் தைக்கிறாய். நம் ஊரில் வளர்ந்தவர்கள் பலருக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் சரியாகச் செரிப்பதில்லை. அது உடம்பின் இயல்பு. அதற்கு ஏன் தலைகுனிகிறாய்?

பாலை நான் பழிக்கவில்லை. ஊத்துக்குளி வெண்ணெய் நம் மாவட்டத்தின் பெருமை!

ஆனால் காங்கேயம் மாட்டைப் பார். ஏருக்கும் வண்டிக்கும் பேர்போன இனம் அது. கன்று குடித்தது போக, கறக்கிற பால் கொஞ்சம்தான். அப்படியானால் கொங்குச் சமையல் எதை நம்பி நின்றது?

தேங்காய்! எள்! நிலக்கடலை! கொள்ளு! சந்தகைக்குத் தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிட்ட ஊர் இது!

100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். அதே அளவு பசும்பாலில் சுமார் 120தான். ஏழைத் தானியமாம்! யார் ஏழை?

மூலனூர்ப் பக்கம் விளைகிற முருங்கை வெளியூருக்கு லோடு லோடாகப் போகிறது. உன் தட்டுக்கு வந்ததா?

"பழக்கமில்லையே" என்கிறாயா? மிளகாய்கூடப் போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்ததுதான். முன்பின் பார்க்காத அந்தக் காயை அம்மியில் வைத்து அரைத்துத் தனதாக்கிக்கொண்டாள் உன் பாட்டிக்குப் பாட்டி. அவளா பயந்தாள்?

பீர்க்கங்காயில் தொடங்கு!

ஒரு மூடித் தேங்காயைத் துருவி அரைத்துப் பிழி. முதல் பாலைத் தனியே வை. இரண்டாம் பாலில் பாசிப்பருப்பை முக்கால் பதத்துக்கு வேகவிட்டு, பீர்க்கங்காயைப் போடு. கடைசியில் முதல் பாலை ஊற்று. ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிடு. தளதளவென்று கொதித்தால் திரிந்துபோகும்.

திரிந்தால் என்ன? குடியா முழுகிவிடும்? அதையே பிசைந்து சாப்பிடு! அடுத்த முறை தீயைக் குறை!

சீவிய தோலை எறியாதே. வதக்கி, உளுந்தும் வரமிளகாயும் சேர்த்து அரைத்தால் துவையல். ஒரே காயில் இரண்டு பண்டம்!

பிள்ளை தட்டைத் தள்ளிவிடுகிறானா? நாளைக்கும் வை. நாளன்றைக்கும் வை. உன் பிடிவாதம் பெரிதா, அவன் பிடிவாதம் பெரிதா?

நேரமில்லையா? தேங்காய்த் துருவியை வீட்டுக்காரர் கையில் கொடு! அவரும் இந்த வீட்டில்தானே சாப்பிடுகிறார்?

சனிக்கிழமை சம்பளம் வாங்கிவிட்டாய். ஞாயிறு விடிந்ததும் உழவர் சந்தைக்குப் புறப்படு. சுரைக்காய், புடலங்காய், அவரை, முருங்கைக்கீரை எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். விலை கேள். பையை நிரப்பிக்கொண்டு வா!