மூன்றாண்டுக் கணக்கு

ஆயுள் காப்பீடு எடுத்தவர் நோயை மறைத்தார் என்று சொல்லி நிறுவனம் எதுவரை பணம் தர மறுக்கலாம்? 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு முன்பு இரண்டு ஆண்டு என்றது. மோசடியை நிரூபித்தால் அதற்குப் பின்னும் மறுக்க வழி வைத்தது. 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் காலத்தை மூன்றாண்டாக்கியது. அது கடந்தால் மோசடி உட்பட எந்தக் காரணமும் செல்லாது என்றது. ஆனால் காலாவதியான பாலிசியைப் புதுப்பித்தால் கணக்கு அன்றிலிருந்து மறுபடி ஓடும். பழைய பாடத்தோடு நின்றுவிட்ட வழக்கறிஞர், மோசடி இல்லை என்று காட்ட மருத்துவமனைச் சீட்டுகளைத் தேடிக்கொண்டிருப்பார். பாலிசித் தேதியைக் காட்டினாலே போதும் என்பது அவருக்குத் தெரியாது.

இப்படிப் பின்தங்காமல் இருக்க, நியூயார்க்கில் அனுபவமுள்ள வழக்கறிஞரும் ஈராண்டுக்கு ஒருமுறை 24 மணி நேரம் படித்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும். நம் 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. வகுப்பில் உட்கார்ந்தால் அறிவு வந்துவிடுமா என்பார்கள். வராமலும் போகலாம், வருகைப் பதிவுக்காகவே வந்து தூங்குகிறவர்கள் எல்லாத் துறையிலும் உண்டு. நீதிபதிக்குச் சட்டம் தெரியாதா என்றும் கேட்கலாம். தெரியும், ஆனால் பாலிசித் தேதியை மனுவில் எழுத வேண்டியவர் வழக்கறிஞர்தான். நிறுவனத்தின் வழக்கறிஞருக்கு மாற்றங்களை எடுத்துச் சொல்ல அங்கே ஒரு சட்டத் துறையே இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கணவரின் பாலிசியோடு நிற்கும் பெண்ணுக்கு, அவர் அமர்த்திய வழக்கறிஞர் படித்திருப்பது மட்டுமே துணை.