வீட்டுக்காரர்மேல் வரும் இரத்தப்பழி



மோயீசன் வழியாகச் சர்வேசுரன் இஸ்ராயேல் சனத்துக்குக் கொடுத்த சட்டங்களில், வீடு கட்டுகிறவனுக்கென்றே ஒரு சட்டம் உண்டு. உபாகமம் 22-ம் அதிகாரம் 8-ம் வசனத்தில் அதைக் காணலாம். புதுவீடு கட்டுகிறவன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பாமல் விட்டு, ஒருவன் தவறி விழுந்து மாண்டால், அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பது அதன் கருத்து. அந்நாட்டு வீடுகளுக்கு நம்முடைய மொட்டைமாடி போலத் தட்டையான தளம். அங்கே சணல் காயப்போடுவார்கள், காற்று வாங்குவார்கள். அர்ச். இராயப்பர் யோப்பா பட்டணத்தில் செபம்பண்ண ஏறியதும் அப்படிப்பட்ட தளத்தின்மேல்தான். ஆகையால் இது அரண்மனைக்குச் சொன்ன சட்டமல்ல. சாமானியக் குடும்பத்துக்குச் சொன்னது. விழுந்தவன் ஏன் பார்த்து நடக்கவில்லை என்று வேதம் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சுவர் எங்கே என்று கேட்கிறது. அதையும் வீட்டுக்காரனிடமே கேட்கிறது.

வேலைத்தலத்து விபத்து என்றால், அது ஆலை முதலாளிக்கும் இன்ஸ்பெக்டருக்கும் உரிய சங்கதி என்று நாம் இருந்துவிடுகிறோம். ஆனால் வெள்ளையடிக்கவோ, மாடி எடுக்கவோ, கிணறு தூர்வாரவோ ஓர் ஆளைக் கூப்பிட்டீர்களானால் அன்றைக்கு நீங்களும் முதலாளிதான். "பேசின கூலியைக் கொடுத்துவிட்டோமே சுவாமி, மற்றதை மேஸ்திரி பார்த்துக்கொள்வார்" என்பீர்கள். கூலி அவருடைய உழைப்புக்குப் பேசியது. உயிருக்கு நீங்கள் விலை பேசவில்லையே!

விபத்து நடந்த பிறகு நம்மவர் வாயில் வருகிற வார்த்தைகள் இன்னும் விசனமானவை. "அவன் நேரம் முடிந்தது", "எந்தப் பாவத்துக்கோ இந்தத் தண்டனை" என்கிறார்கள். சீலோவே கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் மாண்டதைப்பற்றிச் சேசுநாதர் பேசியதை அர்ச். லூக்காஸ் 13-ம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். மாண்டவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லவென்று ஆண்டவர் தீர்மானமாய்ச் சொன்னார். மனந்திரும்பச் சொன்னது உயிரோடு நின்று கேட்டவர்களைத்தான்.

சாரம் ஏறுகிற சகோதரரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. கழுத்தில் உத்தரியம் இருக்கிறது, அர்ச். சூசையப்பர் காப்பாற்றுவார் என்று கயிறில்லாமல் ஏறுகிறீர்கள். பசாசானது ஆண்டவரைத் தேவாலயத்தின் உச்சியில் நிறுத்தி, குதியும், சம்மனசுகள் தாங்குவார்கள் என்று சொன்னபோது அவர் குதிக்கவில்லை. சர்வேசுரனைச் சோதிக்கலாகாது என்றார். பெல்ட்டை உடம்பில் மாட்டிக்கொண்டு, கொக்கியை எங்கும் மாட்டாமல் வால்போலத் தொங்கவிடுகிறவர்களும் உண்டு. அது மேஸ்திரி கண்ணுக்கு மட்டும் போட்ட பெல்ட்!

இதைவிட மோசமான ஓரிடம் நம்முடைய கொல்லைப்புறத்திலேயே இருக்கிறது. மலத்தொட்டியைத்தான் சொல்லுகிறேன். அதில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் விஷவாயு, கொஞ்சமாய் இருக்கும்போது அழுகிய முட்டைபோல நாறும். அதிகமானாலோ மூக்கின் உணர்ச்சியையே கெடுத்துவிடும். நாற்றம் அடங்கிவிட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கிறவன் மரணத்துக்குள் இறங்குகிறான். நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு உண்டு. அது 10 பங்குக்குக் கீழே போனால், கூப்பிடக்கூட அவகாசமின்றி மனிதன் மயங்கி விழுவான். ஒருநாளும் உபயோகிக்காத புதுத்தொட்டிதானே என்று சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்கியவர்களும் மாண்டிருக்கிறார்கள். நாட்கணக்கில் மூடிக்கிடந்த ஈரத்தில் பலகை மக்கும்போது பிராணவாயு செலவாகிவிடுகிறது. முன்னோர்கள் கிணற்றில் விளக்கு இறக்கிப் பார்த்ததுபோலப் பார்த்தால் என்ன என்பீர்கள். விளக்கு எரிவதனால் விஷவாயு இல்லையென்று ஆகாது. மேலும், தொட்டியிலுள்ள வாயு தீப்பற்றி வெடிக்கவுங்கூடும்.

குழி தோண்டி மூடாமல் விட்டவன், அதில் விழுந்து செத்த மாட்டுக்கும் கழுதைக்கும் ஈடு கொடுக்கவேண்டுமென்று யாத்திராகமம் 21-ம் அதிகாரம் சொல்லுகிறது. மிருகத்துக்கே இப்படியானால், மனுஷனை நாமே காசு கொடுத்துக் குழிக்குள் இறக்குவதை என்னவென்று சொல்ல? நாட்டுச் சட்டமும் இதைத் தடுக்கிறது. பாதுகாப்புக் கருவியின்றி மலத்தொட்டிக்குள் ஆளை இறக்கினால், முதல் தடவைக்கே 2 வருஷம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2013-ம் வருஷத்துச் சட்டம் விதித்திருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்கவேண்டுமென்று 2014-ல் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் சிறைக்குப் பயந்து மாத்திரம் நாம் விலகினால் போதாது. அந்தக் குழிக்கு நாம் கூப்பிடுகிறவர் எப்போதும் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்பதையும் யோசித்துப் பாருங்கள். நற்கருணைப் பந்தியில் அவர் நம் சகோதரரானால், கொல்லைப்புறத்தில் மட்டும் வேறு யார்? கழிவுநீர் லாரியைக் கூப்பிடுங்கள். குழாய் இறங்கட்டும், ஆள் இறங்க வேண்டாம்.

தப்பித்தவறி ஒருவர் உள்ளே விழுந்துவிட்டால், பின்னாலேயே ஒருவரும் இறங்காதீர்கள். முதல்வன் மயங்கினதைப் பார்த்து உடன்பிறந்தான் குதிக்கிறான். அவனைப் பார்த்து வீட்டுப் பிள்ளை குதிக்கிறது. ஒரே தொட்டியில் மூன்று பிரேதம் எடுப்பது இப்படித்தான். அவர்களுடைய சிநேகத்தை நாம் குறைசொல்லக் கூடாது. சர்வேசுரன் அதை அறிவார். என்றாலும் கிணற்றில் விழுந்த மாட்டை ஓய்வுநாளிலுங்கூடத் தூக்கிவிடுவீர்கள் என்று சொன்ன ஆண்டவர், நீங்களும் குதிப்பீர்கள் என்று சொல்லவில்லை. 101 அல்லது 112-க்குப் போன் செய்து தீயணைப்புப் படையை அழையுங்கள். மூடிகளையெல்லாம் திறந்துவிடுங்கள். அவர் இடுப்பில் ஏற்கெனவே கயிறு இருந்தால், மேலேயிருந்தே இழுங்கள்.

வீடு கட்டுகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. மழை பெய்த மறுநாள் சாரத்தின் கட்டுகளை மேஸ்திரி சரிபார்க்காமல் ஒருவரையும் ஏறவிடாதீர்கள். மின்கம்பி ஓரமாய்ப் போகிற வீடானால், இரும்புக்கம்பியையும் இரும்பு ஏணியையும் அந்தப் பக்கம் தூக்கவிடாதீர்கள். வீடு மந்திரிக்கக் குருவானவரை அழைத்துத் தேதி குறித்தாகிவிட்டது, பத்திரிகையும் அச்சடித்தாகிவிட்டது என்று, இருட்டின பிறகும் கொத்தனாரையும் சித்தாளையும் உயரத்தில் நிறுத்தி வேலை வாங்குகிறவர்கள் நம் பங்கிலும் உண்டு. தேதியைத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். கோவிற்பிள்ளையிடம் சொல்லியனுப்பினால் போதும். சுவாமியார் இன்னொரு நாள் வருவார்.