செவிலியர் கையில் பிராணன்

செவ்வாய்க்கிழமைகளில் உவரிக்குக் கூட்டம் கூடிவிடும். திசையன்விளைப் பக்கமிருந்து வரும் பஸ்களில் பெரும்பாலோர் அந்தோணியார் கோவிலுக்கு வருகிறவர்கள். ஊரில் ‘தலைக்கு மேலே ஏதோ இருக்கிறது’ என்று சொல்லப்படுகிறவர்களை வீட்டார் கூட்டிவந்து, கோவில் வளாகத்திலேயே நாள்கணக்கில் தங்கவைப்பது இங்கே தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. இந்தக் கோவிலின் பிறப்புக் கதையே நோய் தீர்ந்த கதைதான். இந்தக் கடல்வழியே போன போர்ச்சுகீசியக் கப்பலில் வாந்திபேதி கண்டதாம்; கப்பல் தச்சன் அந்தோணியார் உருவத்தைச் செதுக்க, நோய் விலகியதாம்; அந்தச் சுரூபத்தை இங்கே இறக்கி வைத்துவிட்டுப் போனார்களாம். கொஞ்ச தூரத்தில் சுயம்புலிங்க சுவாமி கோயில். அங்கே கடல் மண்ணை ஓலைப்பெட்டியில் அள்ளிச் சுமந்து கரையில் கொட்டுகிறார்கள். உடம்பு சுகப்படவேண்டும் என்று நேர்ந்துகொண்டவர்களும் அந்த வரிசையில் உண்டு.

இதே தென்மாவட்டக் கிராமங்களிலிருந்துதான் நர்ஸிங் படித்த பெண்கள் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறார்கள். செபமும் நேர்ச்சையும் திருநீறும் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். கரையில் யார் எதை நம்பலாம் என்பது இங்கே கேள்வி இல்லை. அது அவரவர் உரிமை. கேள்வி வார்டுக்குள் எழுகிறது. பணிநேரத்தில், சீருடையில் இருக்கும் ஒரு செவிலியர், படுத்திருப்பவரின் உடம்புக்கு மேலே கையை அசைத்து, ‘உங்கள் உயிராற்றலில் தடை இருக்கிறது, அதைச் சரிசெய்கிறேன்’ என்று சொல்லலாமா? கேஸ் ஷீட்டில் அதை ஒரு சிகிச்சையாக எழுதலாமா? ரெய்கி, பிராண சிகிச்சை என்று சான்றிதழ் வகுப்புகள் பெருகிவிட்ட நிலையில் இது கற்பனைக் கேள்வி அல்ல.

‘பிராணன் நம்முடையது, மேல்நாட்டு மருத்துவம் அதை ஒதுக்கிவைத்தது, நாம் மீட்டெடுக்கிறோம்’ என்று ஒரு பேச்சு உண்டு. ஆனால் செவிலியர் தொழிலுக்குள் இந்தக் கருத்து வந்துசேர்ந்த வழி வேறு. பிரம்மஞான சபையின் தலைவர் கர்னல் ஆல்காட் 1881 அக்டோபரில் இலங்கைப் பௌத்தர்களோடு திருநெல்வேலிக்கு வந்து, கோயிலில் சகோதரத்துவத்தின் அடையாளமாகத் தென்னங்கன்று நட்டார். மறு ஆண்டு இலங்கையில், கொழும்புக்குப் பக்கத்துக் கிணறு ஒன்றைக் கத்தோலிக்கர்கள் குணமளிக்கும் தலமாக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது, பௌத்த பிக்குகளும் அப்படிக் குணமாக்கிக் காட்டவேண்டும் என்றார். அவர்கள் முன்வராததால் தாமே கையை வைத்து நோய் தீர்க்கத் தொடங்கினார். அடுத்த ஓராண்டுக்கு மேல் இலங்கையிலும் இந்தியாவிலும் ஆயிரக்கணக்கானோர் அவர் கையைத் தேடி வந்தார்கள். சபையின் தலைமையகம் 1882 முதல் சென்னை அடையாறு. பிராணன், சக்கரம், உயிர்ப்புலம் போன்ற கருத்துகளை ஆங்கிலத்தில் புதிதாகக் கோத்து உலகம் முழுக்க அனுப்பிய இடம் அது. அந்த மரபில் வளர்ந்த டோரா குன்ஸ் என்பவரும், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் செவிலியர் பேராசிரியராக இருந்த டோலோரஸ் கிரீகரும் சேர்ந்து 1972-இல் உருவாக்கியதுதான் ‘தெரப்யூட்டிக் டச்’. கைகள் உடம்பைத் தொடுவதில்லை. சில அங்குல உயரத்தில் நகர்ந்து ஆற்றல் புலத்தைச் சீராக்குகின்றன என்பது அதன் கொள்கை. கிரீகர் அதற்குத் தந்த விளக்கம் பிராணன்தான். மனிதரையே ஓர் ஆற்றல் புலமாகப் பார்த்த மார்த்தா ராஜர்ஸின் 1970-ஆம் ஆண்டுக் கோட்பாடு அதற்குப் பின்புலமாக அமைந்தது. ராஜர்ஸை நம் நர்ஸிங் மாணவிகள் இன்றும் பாடமாகப் படிக்கிறார்கள். வட அமெரிக்கச் செவிலியர் நோயறிதல் பட்டியலில் 1994-இல் ‘ஆற்றல் புலக் குலைவு’ என்று ஒன்று சேர்ந்தது, பிறகு நீக்கப்பட்டது, பின்னர் சொல் மாறித் திரும்பி வந்தது. சித்த மருத்துவத்தில் பிராணனுக்கு நாடியோடும் வாயுக்களோடும் பொருந்திய இடம் ஒன்று இருக்கிறது. அந்தக் கட்டுமானத்திலிருந்து ஒரு சொல்லை மட்டும் உருவி எடுத்து ஆங்கிலக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவது சித்தர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

எங்கிருந்து வந்தது என்பதைவிட, சொன்னபடி நடக்கிறதா என்பது முக்கியம். அமெரிக்காவின் கொலராடோவில் எமிலி ரோசா என்ற ஒன்பது வயதுச் சிறுமி பள்ளிக்கூட அறிவியல் திட்டமாக ஒரு சோதனை செய்தாள். அவளுடைய தாய் ஒரு செவிலியர். நடுவே அட்டைத் தடுப்பு. தெரப்யூட்டிக் டச் செய்கிறவர் இரண்டு கைகளையும் தடுப்பின் துளைகள் வழியே நீட்டவேண்டும். சிறுமி தன் கையை அவற்றில் ஒன்றின் மேலே பிடிப்பாள். எந்தக் கைக்கு மேலே என்று அவர் சொல்லவேண்டும். 21 பேர், 280 முறை. சரியாகச் சொன்னது 123 முறை, அதாவது 44 விழுக்காடு. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்திருந்தாலே ஏறக்குறைய பாதி சரியாக வந்திருக்கும். 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அது வெளியானது. நோயாளிக்கு ஆறுதல் கிடைத்ததா என்று அந்தச் சோதனை கேட்கவே இல்லை, உண்மைதான். ஆனால் ‘உங்கள் புலத்தை என் கை உணர்கிறது’ என்று சொல்லித்தான் சிகிச்சை ஆரம்பமாகிறது. அந்த முதல் படியிலேயே கை தடுமாறினால், அடுத்து வருவது எதன் மேல் நிற்கும்?

ஆதரிப்பவர்களின் வலுவான வாதம் இனிமேல்தான் வருகிறது. ‘ஆற்றல் இருக்கட்டும், இல்லாமல் போகட்டும்; நோயாளி நிம்மதியாக உணர்கிறார். வலி குறைந்தது என்கிறார். அது போதாதா?’ இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. துன்பம் குறைவது செவிலியர் தொழிலின் நோக்கங்களில் ஒன்று. இதற்கான பதில் 2011-இல் ஆஸ்துமா நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வில் இருக்கிறது. மருந்துள்ள இன்ஹேலர், மருந்தில்லாத போலி இன்ஹேலர், போலி அக்குபஞ்சர், சிகிச்சையே இல்லாத காத்திருப்பு என்று நான்கையும் ஒவ்வொருவரும் மாறிமாறிக் கடந்தார்கள். எவ்வளவு தேவலை என்று கேட்டபோது, மருந்துக்கு 50 விழுக்காடு, போலி இன்ஹேலருக்கு 45, போலி அக்குபஞ்சருக்கு 46 விழுக்காடு முன்னேற்றம் என்றார்கள், காத்திருப்புக்கு 21. பிறகு நுரையீரல் எவ்வளவு காற்றை வெளித்தள்ளுகிறது என்று கருவியில் அளந்தார்கள். மருந்தில் 20 விழுக்காடு கூடியிருந்தது. மற்ற மூன்றிலும் சுமார் 7 விழுக்காடுதான். போலி சிகிச்சை பெற்றவர்களின் நெஞ்சு லேசானது பொய்யல்ல. மூச்சுக்குழாய் இறுகியபடியே இருந்ததும் பொய்யல்ல.

இரவுப் பணியில் இருக்கும் செவிலியரை இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் நிறுத்திப் பார்க்கவேண்டும். வார்டில் டாக்டர் எந்நேரமும் இருப்பதில்லை. ஒருவருடைய மூச்சு நிமிடத்துக்கு 18-லிருந்து 28 ஆகிறது, உதடு நீலம் பாய்கிறது, பேச்சு துண்டுதுண்டாக வருகிறது என்பதை முதலில் காணும் கண் செவிலியருடையது. தேவலையாக இருக்கிறது என்று நோயாளி சொல்லும்போதும், இல்லை, உங்கள் மூச்சு சரியில்லை என்று அறிந்து ஆளைக் கூப்பிடவேண்டியவர் அவர். அவரே ஆற்றலைச் சரிசெய்துவிட்டேன் என்று நம்பி உட்கார்ந்தால், நோயாளியின் நிம்மதியும் செவிலியரின் நம்பிக்கையும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லத் தொடங்கும். மூச்சை எண்ண ஆள் இருக்கமாட்டார். இந்தக் கட்டுரையின் மறுப்பு முழுவதும் இந்த இடத்தில்தான் ஊன்றி நிற்கிறது.

கெடுதல் இல்லாதது என்ற சமாதானமும் நம் ஊர் அனுபவத்துக்கு ஒத்துவருவதில்லை. அக்கி வந்தால் காவி குழைத்து எழுதுவது தமிழ்நாடு முழுக்கப் பழக்கம். வேளார் வீட்டுக்குப் போய் எழுதிக்கொள்வார்கள். காவி தோலில் ஒரு கெடுதலும் செய்யாது. ஆனால் கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மருந்து தொடங்கினால்தான் அதன் பலன் நன்றாகக் கிடைக்கும். நெற்றியிலும் கண்ணோரத்திலும் வந்த அக்கிக்கு மூன்று நாள் எழுதிக்கொண்டிருந்தால் பார்வைக்கே ஆபத்து. பறிபோவது அந்த மூன்று நாள்தான். எழுதுகிறவரைப் பழிக்க இதில் ஒன்றும் இல்லை. தாம் டாக்டர் என்று அவர் சொல்லவில்லை. போகிறவர்களுக்கும் தாங்கள் எதற்குப் போகிறோம் என்று தெரியும். அதையே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீருடையிட்ட ஒருவர் செய்தால் கதை வேறு. அந்தச் சீருடைக்குப் பின்னால் கவுன்சில் பதிவும், படித்த வருடங்களும், ஊசியும் தடுப்பு மருந்தும் ஈட்டித் தந்த நம்பிக்கையும் இருக்கின்றன. அந்த நம்பிக்கையைச் சோதிக்கப்படாத ஒன்றுக்குக் கடனாகக் கொடுக்கும் உரிமை தனி ஒரு செவிலியருக்குக் கிடையாது.

சம்மதம் பற்றிய சிக்கலும் உண்டு. நோயாளி ஒத்துக்கொண்டார் என்பது சொல்ல எளிது. டிரிப்ஸ் ஏறும் கையோடு இரவு இரண்டு மணிக்குப் படுத்திருக்கும் ஒருவர், அடுத்த வலிமருந்தைத் தரப்போகிறவரிடம் ‘வேண்டாம் சிஸ்டர்’ என்று எப்படிச் சொல்வார்? பக்கத்துப் படுக்கையில் வேறு மதத்தவர் இருப்பார். பிராணனோ சக்கரமோ எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல என்று செய்கிறவர் நினைக்கலாம். படுத்திருப்பவருக்கு அப்படித் தோன்றவேண்டும் என்பதில்லை.

நம்பிக்கையும் மருந்தும் ஒன்றின் வேடத்தை ஒன்று போடும்போது என்ன ஆகும் என்பதற்கு ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், தர்காவை நாடி வந்த மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டிவைத்திருந்த தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. இறந்தவர்கள் 28 பேர். தர்கா அவர்களைக் கொல்லவில்லை. சிகிச்சை நடக்கும் இடம் என்ற தோற்றத்தோடு, சிகிச்சையே இல்லாமல் நடந்த இடம் கொன்றது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியை வெளிப்படையாகத் தடை செய்கிறது. பின்னாளில் ஏர்வாடியிலேயே ‘தவா–துவா’ என்ற பெயரில் மருந்தும் தொழுகையும் பக்கத்துப் பக்கத்தில் ஏற்பாடாயின. திருச்சி அருகே குணசீலம் பெருமாள் கோயிலிலும் மனநோயாளிகளுக்கு வழிபாட்டோடு மனநல மருத்துவரின் கவனிப்பும் கிடைக்கிறது. இரண்டு இடத்திலும் பிரார்த்தனை செய்பவர் மாத்திரை எழுதுவதில்லை; மாத்திரை எழுதுபவர் பிரார்த்தனை செய்வதாகச் சொல்வதில்லை. உவரிக்கு வருகிற குடும்பத்திடமும் செவிலியர் இதே வகையில் பேசலாம்: ‘கோவில்ல தங்குங்க அம்மா, அந்தோணியாரைக் கும்பிடுங்க, மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க.’ சித்த மருத்துவம் வேண்டுமென்றாலும் ஒளிவுமறைவு தேவையில்லை. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே தரும் மருந்துக்குப் பதிவுபெற்ற மருத்துவர் ஒருவர் பொறுப்பு.

இவ்வளவு சொன்ன பிறகும், ஆற்றல் சிகிச்சை செய்யும் செவிலியர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று தள்ளிவிட மனம் ஒப்பாது. பலர் தங்கள் தொழிலில் எதையோ இழந்த ஏக்கத்தில்தான் அங்கே போகிறார்கள். ஒரு பிராண சிகிச்சை அமர்வில் நடப்பதைப் பார்த்தால் விளங்கும்: கால் மணி நேரம், வேறு வேலை இல்லாமல், ஒருவர் இன்னொருவர் மேல் முழுக் கவனத்தையும் வைக்கிறார். வார்டில் அது அரிதாகிவிட்டது. செவிலியரின் நேரத்தைப் பதிவேடும் ஸ்டாக் கணக்கும் தின்கின்றன. தேறுதல் தருவது அந்தக் கவனமே என்றால் அதற்குப் பிராணன் என்ற பெயர் எதற்கு? பிரசவ வேதனையில் கூடவே ஒருவர் இருந்து, கையைப் பிடித்து, முதுகை நீவி, தைரியம் சொன்னால் சிசேரியன் குறைகிறது, சுகப்பிரசவம் கூடுகிறது என்று 15,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பங்குபெற்ற 26 ஆய்வுகளைத் தொகுத்த 2017-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு காட்டியது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கும் திட்டம் அதற்கு முன்பே வந்தது. தொடுதலுக்கும் துணைக்கும் சான்று இருக்கிறது. படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைப்பதும், வெந்நீரில் துடைத்துவிடுவதும், வாயை ஈரப்படுத்துவதும் கை செய்கிற சிகிச்சைகள்தாம்.

அவற்றுக்கு ஆள் வேண்டும். தமிழ்நாட்டில் 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய்க்கு வேலை பார்த்து, 2017 நவம்பரில் சென்னையில் போராட்டத்துக்கு உட்கார்ந்தார்கள். கூடுதலாக ஒரு செவிலியரை நியமிப்பதைவிட, இருப்பவருக்கு வாரக்கடைசி ரெய்கி வகுப்பு நடத்துவது எந்த நிர்வாகத்துக்கும் மலிவு. ஆற்றல் சிகிச்சையை வார்டுக்குள் வரவேற்கும் ஒவ்வொரு திட்டத்திலும் இந்தக் கணக்கைக் கேட்டுப் பார்க்கவேண்டும்.

மிச்சமிருப்பது மிகக் கடினமான நேர்வு. புற்றுநோய் முற்றி, இனி குணமில்லை என்று தெரிந்த ஒருவர் தாமாகவே கேட்கிறார்: ‘சிஸ்டர், தலையில கைவச்சு ஒரு செபம் சொல்லுங்க.’ அல்லது முன்பு ரெய்கி எடுத்தவர், அதே போல் கையை வைக்கச் சொல்கிறார். அவர் கேட்பது மருத்துவம் அல்ல. விதியைக் காட்டி மறுப்பது கொடுமை. அந்த நம்பிக்கை உள்ள செவிலியர் செபம் சொல்லலாம். இல்லாதவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காரலாம், விரும்புகிறவரை வரவழைக்கலாம். ஆனால் கேஸ் ஷீட்டில் ஏறவேண்டியது ‘ஆற்றல் புலம் சீரானது’ என்ற வரி அல்ல. இரவு 11 மணிக்கு வலி பத்துக்கு எட்டு. கூட இருந்து பேசியபின் ஆறு. மார்ஃபின் கடைசியாகக் கொடுத்தது ஏழு மணிக்கு. நோயாளி கேட்டபடி செபம் சொல்லப்பட்டது. காலை ரவுண்ட்ஸில் வரும் டாக்டர் அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் மருந்தின் அளவைக் கூட்டுவதா என்று முடிவு செய்யவேண்டும்.