மீண்டு வந்தவனுக்கு ஓர் ஊர்

போருக்குப் புறப்படும் வீரனை ஊரே திரண்டு வழியனுப்புகிறது. வெற்றியோடு மீண்டால் மாலையும் உண்டு, மேளமும் உண்டு. ஆனால், அந்த மாலை வாடிய மறுநாள் அவன் யாரோடு வாழ்வான், எதற்காக விடியலில் எழுவான் என்று எவரும் கேட்பதில்லை. நாட்டுக்காகப் படைக்கலம் ஏந்தியவனுக்கு நாடு பட்ட கடன் யாது? ஓய்வூதியம் கொடுத்துவிட்டால் அக்கடன் தீர்ந்துவிடுமா?

போரில் மாண்டவர்க்கு நடுகல் நாட்டியவர்கள் நம் முன்னோர். உயிர் நீத்த வீரனின் குடும்பத்துக்கு ‘உதிரப்பட்டி’ என்னும் பெயரால் நிலம் வழங்கிய செய்தியைக் கல்வெட்டுகள் கூறுகின்றன. உயர்ந்த மரபு அது. எனினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மாண்டவனைப் போற்றுதல் எளிது. அவன் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. மீண்டவனோ நம்மிடையே வாழ வேண்டியவன். அவனுக்குக் கல் போதாது, ஊர் வேண்டும்.

படை வாழ்க்கையின் இயல்பு என்ன? உண்பதும் உறங்குவதும் கூட்டாகவே நிகழ்கின்றன. ஒருவன் கண்ணயர்ந்தால் பத்துப் பேர் உயிர் போகும். ஆகவே ஒவ்வொருவனும் மற்றவனுக்குத் தேவைப்படுகிறான். போர் முடிந்ததும் இவ்வுறவு ஒரே நாளில் அறுந்துவிடுகிறது. வீரன் இழந்து வருந்துவது போரை அன்று. பிறருக்குத் தேவைப்பட்ட தன் வாழ்வை. அதனோடு மற்றொரு சுமையும் உண்டு. கொல்லாமையை அறமென்று கற்பித்த அதே சமுதாயம்தான் அவனைக் கொல்லுமாறு அனுப்பியது. அந்தச் சுமையை அவன் மட்டும் தனியே சுமப்பது நீதியாகுமா?

இக்கடனை நிலத்தால் தீர்க்க முயன்ற நாடுகள் உண்டு. முதல் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரேலியா ஏறத்தாழ 37,000 வீரர்களை விளைநிலங்களில் குடியமர்த்தியது. நோக்கம் நல்லதே. ஆனால், பலருக்கு உழவு தெரியாது. கையில் முதல் இல்லை. கிடைத்த நிலமோ குடும்பத்தைக் காக்கப் போதாதது. விளைபொருள்களின் விலையும் வீழ்ந்தது. கடன் தாங்காமல் நிலத்தைக் கைவிட்டுச் சென்றோர் பலர். 1929ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்த நீதிபதி பைக், இத்திட்டத்தால் நேர்ந்த இழப்பை ஏறத்தாழ 2 கோடியே 35 இலட்சம் பவுன் என்று கணக்கிட்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அந்நாடு பாடம் கற்றது. தகுதி பார்த்துத் தேர்ந்து, பயிற்சி அளித்து, போதிய நிலமும் தந்தது. நிலத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போவது உதவியன்று என்பதே அப்பாடம்.

இங்கிலாந்தில் வேறு வகை முயற்சிகள் நடந்தன. போரில் மகனைப் பறிகொடுத்த தாமஸ் மாசன் என்னும் நிலத்தோற்ற வடிவமைப்புக் கலைஞர், உறுப்பிழந்த வீரர்களுக்கெனக் குடியிருப்பு ஊர்கள் அமைய வேண்டும் என்று 1917ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதினார். அவர் வரைந்த திட்டத்தின்படி லங்காஸ்டர் நகரை ஒட்டி வெஸ்ட்ஃபீல்டு நினைவுச் சிற்றூர் எழுந்து, 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. வீரர்கள் அங்கு மனைவி மக்களோடு குடியேறினர். அவ்வூரின் நடுவே நிற்கும் சிலையில் வெற்றி வீரன் வாளோங்கி நிற்கவில்லை. காயமுற்ற தோழனுக்கு மற்றொருவன் துணை செய்கிறான். ஹாம்ப்ஷயர் மாவட்டத்தின் எனம் என்னும் சிற்றூரில் 1919 முதல் உடல் நலிந்த வீரர்கள் ஒன்றாகத் தங்கித் தோட்ட வேலை, கூடை முடைதல், தச்சு ஆகியவற்றைக் கற்றனர். அங்கு அவர்கள் இரவலர்களாக இல்லை, உழைப்பாளிகளாக இருந்தனர்.

நம் நாட்டுக்கு வருவோம். 1943ஆம் ஆண்டில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்து அறைகூவல் விடுத்தபோது, மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழர் பெருந்திரளாக இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். பெண்கள் ஜான்சிராணிப் படையில் சேர்ந்தனர். 1945ஆம் ஆண்டில் ஜப்பான் சரணடைந்தது, படை கலைந்தது. மீண்டவர்களுள் பலருக்குக் காத்திருந்தது பழைய லயமும் பால்வெட்டுக் கத்தியுமே. எனினும் அவர்கள் கற்ற ஒழுங்கு வீண்போகவில்லை. 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத் தோட்டங்களில் தொண்டர் படை எழுந்தது. சீருடை அணிந்து, அணிவகுத்து, கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடியது. முன்னாள் வீரர்களும் அதில் இருந்தனர். குடியேற்ற அரசு அதனை ஒடுக்கியது. யாரும் தராத ஊரை அவர்கள் தாமே ஆக்க முனைந்தார்கள் என்றுதான் நான் அதனைக் காண்கிறேன்.

நான் தோட்டப் பள்ளியில் படித்த எழுபதுகளில், அப்படையில் இருந்து மீண்ட முதியவர் ஒருவர் எங்கள் லயத்தில் இருந்தார். சிப்பாய்த் தாத்தா என்போம். காலைப் பெரட்டில் மற்றவர்கள் வளைந்து நிற்கையில், அவர் மட்டும் நிமிர்ந்து நிற்பார். மாலையில் கள்ளுக்கடையில் தனித்திருப்பார். ஓராண்டு, விளையாட்டுப் போட்டிக்காக எங்களுக்கு அணிநடை பயிற்றுவிக்குமாறு எங்கள் தலைமையாசிரியர் அவரை அழைத்தார். மறுநாள் முகம் மழித்து, வெள்ளைச் சட்டை அணிந்து, நேரத்துக்கு முன்பே திடலில் நின்றார் தாத்தா. பின்னொரு நாள் என்னிடம் சொன்னார்: “சண்டையில பசி கிடந்தது பெரிசில்ல தம்பி. திரும்பி வந்த பின்னால, ஒனக்கு என்ன தெரியும்னு ஒருத்தரும் கேக்கல. அதுதான் பெரிசு.” அவர் குடியை முற்றாக விட்டாரென்று சொல்லமாட்டேன். ஆனால், பயிற்சி நடந்த நாள்களில் கள்ளுக்கடைப் பக்கம் அவர் போனதில்லை. முப்பது ஆண்டுகளாக எவரும் கேளாததை ஓர் ஆசிரியர் கேட்டார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நான் கற்றவற்றுள் இதற்கு ஒப்பான பாடம் மற்றொன்றில்லை.

வீரர்களுக்கெனத் தனி ஊர் அமைப்பது அவர்களை ஒதுக்கி வைப்பதாகாதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான ஐயமே. நம் கண்ணில் படாதிருக்கட்டும் என்று காயமுற்றோரை ஒரு மூலையில் குடிவைத்தால், அது நன்றியன்று, நாகரிகமான நாடுகடத்தல். ஆகவே அத்தகைய ஊருக்கு மதில் இருத்தலாகாது. அங்கு விளையும் காய்கறி அடுத்த ஊர்ச் சந்தைக்குச் செல்ல வேண்டும். அடுத்த ஊர்ப் பிள்ளைகள் அங்கு வந்து கற்க வேண்டும். கூட்டு வாழ்வு அவனுக்குத் தோழமையைத் திருப்பித் தரட்டும். திறந்த வாயில் அவனை நம்மோடு சேர்க்கட்டும். அங்கேயே வாழ்நாள் முழுதும் இருப்பதா, வலிமை பெற்று வெளியேறுவதா என்பதை அவனே முடிவு செய்யட்டும்.

ஓய்வூதியம் வயிற்றைக் காக்கும். மருத்துவம் உடலைக் காக்கும். இரண்டும் வேண்டும். ஆயினும், ‘நீ எங்களுக்குத் தேவைப்படுகிறாய்’ என்று சொல்ல ஓர் ஊர் இல்லையேல் மீண்டவன் மீளாதவனே ஆவான். அத்தகைய ஊரை அமைக்க அரசால் இயலும். அது அமையும் வரையில், நம் தெருவில் தனித்திருக்கும் முதியவரிடம், “ஐயா, உங்களுக்கு என்ன தெரியும்? எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்” என்று கேட்க நம் ஒவ்வொருவராலும் இயலும்.