கணவாயும் காவியமும்

பிரான்சின் தென்மேற்கே, பைரனீஸ் மலையடிவாரத்தில், செயின்ட் ழான் பியே த போர் என்றொரு சிற்றூர் உள்ளது. கணவாயடி யோவானூர் என்பது பொருள். பாஸ்க் மக்கள் தம் மொழியில் அதை டொனிபானே கராசி என்பர். ஸ்பெயினிலுள்ள சந்தியாகப்பர் கல்லறையை நாடும் யாத்ரீகர்கள், முதுகுப்பையில் சிப்பியைத் தொங்கவிட்டு, இங்கிருந்து மலையேறுகிறார்கள். எண்ணூறு கிலோமீட்டருக்குச் சற்றே குறைந்த நடை. ஹஜ்ஜுக்குப் புறப்படுமுன் உற்றாரிடம் பிழைபொறுக்க வேண்டுவோர் முகத்தில் தோன்றும் அமைதியை, செந்நிறக் கற்கள் பதித்த அத்தெருவிலும் கண்டேன். ஆனால், அவர்கள் ஏறும் வழியில் நம்மீது சுமத்தப்பட்ட பழியொன்றும் கிடக்கிறது.

கி.பி. 778இல் ஷார்லமேன் மன்னர் ஸரகோஸாவைக் கைப்பற்ற இயலாமல் திரும்பினார். அவரை ஸ்பெயினுக்கு அழைத்தவரே ஸுலைமான் என்னும் முஸ்லிம் ஆளுநர்தாம்! திரும்பும் வழியில் பாஸ்க்குகளின் பம்ப்லோனா நகர மதிலை மன்னர் இடித்தார். ஆகஸ்ட் 15ஆம் நாள் ரோன்ஸெஸ்வாயெஸ் கணவாயில் அவரது பின்படை அழிந்தது. மறைந்திருந்து தாக்கியவர்கள் பாஸ்க்குகளே என்று மன்னரின் வரலாற்றை எழுதிய ஐன்ஹார்ட் தெளிவாகவே குறித்தார். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழித்து எழுந்த ரோலான் காவியத்திலோ பாஸ்க்குகளைக் காணோம். இலட்சக்கணக்கில் முஸ்லிம்கள் வந்து நிற்கிறார்கள். சிலுவைப் போர் மூண்ட காலமல்லவா? கவிஞனுக்கு வேண்டிய பகைவன் வேறு. தம் முன்னோர் செயலைப் பறிகொடுத்த பாஸ்க்குகளுக்கும் இது ஒரு களவுதான்.

பழி நீங்கிற்று என்று மகிழத் தோன்றும். அங்கேதான் சோதனை. ஷார்லமேன் சிறைபிடித்துச் சென்ற ஸுலைமானை அவருடைய புதல்வர்கள் படையோடு பாய்ந்து மீட்டார்கள் என்று நம் வரலாற்றாசிரியர் இப்னுல் அதீர் எழுதியிருக்கிறார். அதுவும் இக்கணவாய்த் தாக்குதலின் பகுதியா என்பது ஆய்வாளரிடையே தீராத வழக்கு. ஐன்ஹார்டைக் காட்டி இப்னுல் அதீரை மறைப்போமாயின், நமக்கும் அக்கவிஞனுக்கும் என்ன வேறுபாடு? தமக்கே பாதகமாயினும் சாட்சியத்தில் வழுவலாகாது என்னும் கடமையை அந்நிஸா அத்தியாயத்தில் ஓதுகிறோம். ஓதுதல் எளிது.

கணவாய்க்கு அப்பால் ரோன்ஸெஸ்வாயெஸ் மடம். அங்கிருந்த யாத்ரீகர் விடுதியைப் புகழும் இடைக்கால லத்தீன் பாடலொன்று, அதன் கதவு கத்தோலிக்கருக்கு மட்டுமன்றி, யூதருக்கும் புறமதத்தாருக்கும் திறந்திருந்ததாகக் கூறுகிறது. புறமதத்தார் என்னும் அச்சொல்லின் பிரெஞ்சு வடிவத்தால்தான் ரோலான் காவியம் முஸ்லிம்களை அழைக்கிறது.