சரிபார்த்த மாதங்கள்

திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் திறக்கப்பட்ட 'பரம் பொருள்' கணினி, தன் உச்ச வேகத்தில் நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகளைப் போடவல்லது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உள்ள 'பரம் பிரவேகா' அதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. இத்தகைய இயந்திரங்களை நம் கல்வி நிறுவனங்களில் நிறுவ 2015இல் 4,500 கோடி ரூபாய் மதிப்பில் ஒரு தேசியத் திட்டமே தொடங்கப்பட்டது. 1980களில் அமெரிக்கா சக்தி வாய்ந்த கிரே கணினியைத் தர மறுத்ததும், 1991இல் 'பரம் 8000'ஐ நாமே உருவாக்கிக்கொண்டதும் நினைவிருப்பவர்கள் இந்தச் செலவை வீண் என்று சொல்லமாட்டார்கள். நானும் சொல்லவில்லை. ஆனால் இயந்திரத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், அதன் முன்னால் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் ஆய்வு மாணவர் அங்கே என்ன செய்கிறார் என்று கேட்டதில்லை.

அவருடைய நாள் பெரும்பாலும் விடுதி அறையில், பல் துலக்குவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மடிக்கணினியைத் திறந்து, கிளஸ்டர் எனப்படும் கணினித் தொகுப்புக்குள் நுழைந்து, முந்தின இரவு போட்ட கணக்கு, அவர்கள் மொழியில் ஜாப், ஓடுகிறதா, இன்னும் வரிசையில்தான் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கிளஸ்டர் எல்லோருக்கும் பொது. யாருக்கு எத்தனை செயலிக் கோர், எத்தனை மணி நேரம் என்பதை ஸ்லர்ம் போன்ற மென்பொருள் பங்கிட்டுத் தருகிறது. கேட்டு வாங்கிய நேரம் முடிந்துவிட்டால் கணக்கு எந்த நிலையில் இருந்தாலும் நிறுத்தப்படும். அப்படி நின்றுபோன ஜாபின் கோப்பைத் திறந்தால், கடைசி வரி சில வேளைகளில் ஓர் எண்ணின் நடுவிலேயே அறுந்து கிடக்கும். புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம், அதோடு சரி. இடையிடையே நிலையைச் சேமித்து வைத்திருந்தால் அங்கிருந்து தொடரலாம், இல்லையென்றால் முதலிலிருந்து. ஒரு புரதத்தின் அசைவை 2 ஃபெம்டோ நொடி இடைவெளியில் கணிக்கிறவர், வெறும் 100 நானோ நொடியைக் கடக்க 5 கோடி அடி எடுத்து வைத்தாக வேண்டும். ஆகவே காத்திருப்பதும் வேலையில் சேர்த்திதான். அதைப் பற்றி ஆய்வு மாணவர்கள் அதிகம் குறைப்படுவதுமில்லை.

அவர்களை வாட்டுவது, ஓடி முடித்த ஜாப் தந்த எண் சரிதானா என்ற கேள்வி. பல லேப்களில் மாணவர் கைக்கு வந்து சேர்வது, அவருக்கு முன்னால் இருந்தவர் வளர்த்து, அவருக்கும் முன்னால் இருந்தவர் தொடங்கிவைத்த ஒரு ஃபோர்ட்ரான் நிரல். எழுதியவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு வெளிநாட்டுக்கோ கம்பெனி வேலைக்கோ போயிருப்பார்கள். மாறிகளுக்கெல்லாம் ஓரெழுத்துப் பெயர். நடுவே எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் ஓர் எண். பக்கத்தில் 'இதை மாற்ற வேண்டாம்' என்ற குறிப்பு மட்டும். அந்த எண் ஒரு பழைய ஆய்வுக் கட்டுரையிலிருந்து வந்திருக்கலாம், அல்லது வரைபடம் எதிர்பார்த்தபடி வர வேண்டும் என்பதற்காக யாரோ ஓர் இரவில் போட்டதாகவும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்கச் சில மாதங்கள் ஆகும். கண்டுபிடிக்காமல் மேலே போகவும் முடியும், யாரும் கேட்கமாட்டார்கள்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதே நிரலை 32 கோரில் ஓட்டினால் வரும் விடையும் 64 கோரில் ஓட்டினால் வரும் விடையும் கடைசி இலக்கங்களில் வேறுபடக்கூடும். கணினி ஒவ்வொரு கூட்டலுக்குப் பிறகும் எண்ணைக் குறிப்பிட்ட இலக்கங்களுக்குள் சுருக்குவதால், கூட்டும் வரிசை மாறினால் விடையும் இம்மியளவு மாறும். இது பிழையல்ல, இயல்பு. ஆனால் உண்மையான பிழையும் சில வேளைகளில் தொடக்கத்தில் இதே அளவில்தான் தலைகாட்டும். இரண்டையும் பிரித்தறிய இயந்திரத்தின் வேகம் உதவாது. பொறுமையும் மனச்சான்றும் உள்ள ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தவர் ஒருவர் ஹவாய் பல்கலைக்கழகத்தில் இருந்தார். வேதியியலர்கள் பலர் பயன்படுத்திவந்த ஒரு பைத்தான் நிரல், கணினிக்குக் கணினி வேறு விடை தருவதை அந்த ஆய்வு மாணவர் கவனித்தார். கோப்புகள் அகரவரிசையில் வரும் என்று நிரல் நம்பியிருந்தது. எந்த வரிசையில் தருவது என்பதோ இயங்குதளத்தின் விருப்பம். வரிசை குலைந்த இடத்தில் ஒரு கோப்பின் எண்கள் இன்னொன்றோடு சேர்ந்துபோயின. நிரல் வெளியானது 2014இல், பிழை வெளியே தெரிந்தது 2019இல். இடைப்பட்ட ஆண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்ட கட்டுரைகள் அந்த நிரலை மேற்கோள் காட்டியிருந்தன. 2013இல் ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் என்ற புகழ்பெற்ற பொருளியலர்களின் எக்செல் தாளில் ஐந்து நாடுகள் சராசரியிலிருந்து விடுபட்டிருந்ததைக் கண்டவரும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் தாமஸ் ஹெர்ண்டன்தான். வகுப்புப் பாடத்துக்காக அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். இரண்டு இடத்திலும் பிழை பிடிபட்டது, அடியில் இருந்த ஒருவர் திரும்பச் செய்து பார்த்ததால். மூத்தவர்கள் யாரும் நேர்மையற்றவர்கள் அல்லர். அவர்களுக்குத் திரும்பிப் பார்க்க நேரமில்லை, அதற்கு மதிப்பும் இல்லை.

நம்மூரில் அந்த மதிப்பு எங்கே இருக்கிறது? நெட் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்று வரும் மாணவருக்கு 2023 முதல் மாதந்தோறும் 37,000 ரூபாய். அது காலத்துக்கு வருவதில்லை என்று ஆய்வு மாணவர்கள் பலமுறை போராடியே சொல்லியிருக்கிறார்கள். ஐந்தாண்டில் தொகை நின்றுவிடும். அந்த ஐந்தாண்டில் எட்டு மாதத்தைப் பழைய நிரலின் பிழையைத் தேடிச் செலவழித்தவரும், அதைத் தொடாமல் இரண்டு கட்டுரை வெளியிட்டவரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருக்கலாம். ஆண்டு மதிப்பீட்டுக் குழுவின் முன் முதலாமவரிடம் காட்ட எதுவும் இருக்காது. 'இந்த வருஷம் பேப்பர் ஏதாவது?' என்ற கேள்விக்கு, நான்கு பேர் இனி தவறான எண்ணை அச்சிடாமல் காப்பாற்றினேன் என்று பதில் சொல்ல அந்தப் படிவத்தில் இடமில்லை. அறிவியல் என்றால் சந்தேகப்படுவது என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற நாம், அதைத் தொழிலாகச் செய்ய வந்தவர் சந்தேகப்படும் நாள்களை மட்டும் கணக்கில் எடுப்பதில்லை. பின்னாளில் அந்த எண்களை நம்பித்தான் மருந்து தேடப்படுகிறது, மழை கணிக்கப்படுகிறது.

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. ஆய்வேட்டில் நிரலைச் சரிபார்த்த விதத்துக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கலாம். என்ன தவறு இருந்தது, எப்படித் தெரிந்தது, எது இன்னும் தீரவில்லை என்று மாணவர் கூசாமல் எழுதட்டும். அடுத்து வருபவர் அந்த நிரலைத் தனியாக ஓட்டிப் பார்த்து அதே விடை வந்த பிறகே முந்தியவருக்கு விடைகொடுப்பது என்று லேப்கள் வழக்கம் வைத்துக்கொள்ளலாம். வழிகாட்டிகளையும் தேர்வாளர்களையும் கேட்டுக்கொள்வது ஒன்றே: வாய்மொழித் தேர்வில் உங்கள் முதல் கேள்வியை அந்த அத்தியாயத்திலிருந்து கேளுங்கள்.